பாறை யானைக்கு வயிறு வந்த கதை

ஒரு யானையைப் பட்டினி போட்ட முட்டாள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நடுவில் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு இன்னும் கேவலம். எந்தக் காலத்திலோ எவரோ வரைந்துவிட்டுப் போன பிறகு, மழைக்கும் வெயிலுக்கும் அசராமல் ஒரு பாறையின் மேல் கொழுகொழுவென்று நின்றுகொண்டிருந்த யானை அது. அதை நான் கேமராவில் பிடித்துக் கம்ப்யூட்டருக்குள் அடைத்து, சில வாரங்களிலேயே எலும்பும் தோலுமாக ஆக்கிவிட்டேன். அதுவும் எப்பேர்ப்பட்ட ஊரில்! வந்த விருந்தாளி இரண்டாம் முறை சோறு வாங்கவில்லை என்றால் வீட்டுக்காரருக்குத் தூக்கம் வராத ஊரில்.

நான் படம் போடுகிறவன். மண்ணரையில் ஒரு நூல் கடையின் மாடியில் எனக்கு டிசைன் ஸ்டுடியோ இருக்கிறது. ஸ்டுடியோ என்பது நான் வைத்த பெயர். யாராவது வழி கேட்டால் கீழே கடைக்காரர், "பொம்மை போடறவருங்களா? மேல போங்க" என்பார். வெளிநாட்டுக்குப் போகிற பனியன்களின் நெஞ்சில் அச்சாகிற படங்களைச் செய்து கொடுப்பது என் வேலை. மண்டையோடு, தென்னை மரம், அலை, அலை மேல் ஒரு ஆள். கலிஃபோர்னியாக் கடலை நான் வரைந்த அளவுக்கு அந்த ஊர்க்காரர்கள் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம். நான் நேரில் பார்த்த கடல் ராமேஸ்வரத்தில். அங்கே அலையே இல்லை, குளம் மாதிரி இருந்தது. ஒருமுறை பனிச்சறுக்கு விளையாடுகிறவர் ஒருவரை வரைந்து, அவர் காலில் கட்டையை முன்பின்னாக மாட்டிவிட்டேன். எந்த நாட்டிலிருந்தும் ஒரு புகாரும் வரவில்லை. என் திறமை மேல் எனக்கு நம்பிக்கை வளர்ந்ததே இப்படிப்பட்ட வெற்றிகளால்தான்.

அக்காவின் கதை வேறு. ஊத்துக்குளி ரோட்டில் அவளுக்கு ஒரு பனியன் கம்பெனி இருக்கிறது. கட்டிங், தையல், செக்கிங், பின்னால் தகரக் கொட்டகையில் பிரிண்டிங் மேசை, எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள். அங்கே தைக்கிற ஒவ்வொரு சட்டையின் கழுத்திலும் ஒரு சின்ன லேபிள் வைப்பார்கள். அதில் இருப்பது எப்போதும் வேறு யாருடைய பெயரோதான். துணி பார்த்து எடுப்பது அக்கா. தைப்பது அக்காவின் ஆட்கள். தையல் பிசகினால் ஏச்சு வாங்குவதும் அக்கா. பெயர் மட்டும் கடல் தாண்டி இருக்கிறவருடையது.

"எல்லாத்தையும் வளத்து வளத்து அடுத்தவிய ஊட்டுக்கே அனுப்பிட்டு இருக்கறோம். ஒண்ணாச்சும் நம்ம பேரச் சொல்லீட்டு வெளிய போகோணும்டா" என்பாள்.

ஒருமுறை அவள் சொந்தப் பெயரில் ஒரு சட்டை வெளியே போகவும் செய்தது. அதற்குச் சின்னம் வரைந்தவன் நான்தான். கழுகு. சிறகை விரித்து, அலகை வளைத்து, கண்ணில் ஒரு கோபம் வைத்து, என் திறமை மொத்தத்தையும் அதில் இறக்கியிருந்தேன். முதல் கடையிலேயே கடைக்காரர் சட்டையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்கம்மா, இது பல்லடத்துக் கறிக்கோழிக் கம்பெனிக்கு யூனிபாரமுங்களா?" என்று கேட்டார். அக்கா மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தாள். அதற்கப்புறம் வெகுகாலம் அவள் கம்பெனியில் மெஷின் எண்ணெய் துடைக்க என் கழுகுதான். எண்ணெய் பட்டதும் அது கொஞ்சம் வறுபட்ட மாதிரிகூட இருந்தது.

அவ்வளவு ஆன பிறகும் அக்கா மறுபடி ஆரம்பித்தாள். துணி தயார், அளவுகள் தயார், முகமாக ஒரு சின்னம்தான் இல்லை. அதே நேரம் பார்த்து ஒரு ஏஜென்ட் அவளைப் போனில் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். சீசன் முழுக்க அவளுடைய எல்லா மெஷினும் அவர் கொடுக்கிற ஆர்டருக்கே ஓட வேண்டும். சரி என்று சொல்லிவிட்டால் வேறு எதற்கும் ஓர் ஊசிகூட மிச்சம் இருக்காது. சின்னம் அமைந்தால் அவரிடம் முடியாது என்று சொல்லிவிட்டுச் சொந்தச் சட்டை. அமையாவிட்டால் பழையபடி அடுத்தவர் லேபிள்.

"இந்தத் தடவையும் தள்ளிப் போச்சுன்னா நானு அப்பறம் இந்தப் பேச்சே எடுக்க மாட்டேன்டா" என்றாள் அக்கா.

அவள் கிண்டல் இல்லாமல் பேசுவது அபூர்வம்.

அந்த வாரம்தான் ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளர், எங்கோ ஒரு குகையில் வரைந்திருந்த காட்டெருமையின் படத்தை அனுப்பி, அதே பாணியில் நெஞ்சுக்கு ஒன்று கேட்டிருந்தார். அதைப் பாதி வரைந்துகொண்டிருக்கும்போது எனக்குப் பொறி தட்டியது. அவன் ஊர் எருமையை நான் ஏன் மேய்த்துக்கொண்டிருக்கிறேன்? உடுமலைக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்தில், நம் பாறைகளிலேயே ஆதிகாலத்து ஓவியம் இருக்கிறதே! நாற்காலி பின்னால் விழுந்ததைக்கூடத் தூக்கவில்லை. படியில் இறங்கிக்கொண்டே அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, கெடச்சிருச்சுங்க்கா!"

"என்னது, உன்ற மூளையா?"

"பாறைங்க்கா! நம்ம மலைல, பாறை மேல, அந்தக் காலத்து ஆளுக வரஞ்ச படம் இருக்குது. அதுல ஒண்ண எடுத்து நம்ம சின்னமாப் பண்ணிப்போட்டம்னு வெச்சுக்குங்க, உலகத்துல ஒருத்தனும் நம்மள மாதிரி வெச்சிருக்க முடியாது!"

"கோழிக்கு அப்பறம் பாறையா?"

"அது கழுகுங்க்கா."

"அத நீதான்டா சொல்லிட்டு இருக்கறே." பின்னால் யாரிடமோ மெஷினை நிறுத்தச் சொன்னாள். "எப்பப் போலாம்? நானும் வாரேன். உன்ற கண்ண நம்பி ஒருக்காப் பட்டது போதும்."

விடியற்காலையில் கிளம்பினோம். பல்லடம் வழியாகத்தான் போக வேண்டும். எங்களுக்கு முன்னால் கூண்டு கூண்டாகக் கறிக்கோழி ஏற்றிய வண்டி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அத்தனை கோழிகளும் என்னைத் திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது. அக்காவும் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

அடிவாரத்தில் அனுமதிச் சீட்டு வாங்கியதும் வனக்காவலர் ஒருவர் துணைக்கு வந்தார். பாதை என்று அவர் காட்டியதை ஆடுகள்கூட யோசித்துத்தான் ஏறும். அக்கா சேலையைச் சொருகிக்கொண்டு ஏறிவிட்டாள். நான் ஒவ்வொரு திருப்பத்திலும் இயற்கையை ரசிப்பதற்காக நின்றேன். மூச்சு வாங்கியதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

"வெரசாப் பாத்துக்குங்க சார், யானை எறங்கற எடம்" என்றார் காவலர்.

"நாங்க பாக்க வந்ததே யானையத்தானுங்க" என்றேன். ஓவியங்களில் யானை உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"நீங்க சொல்றது பாறைல நிக்கறது. நான் சொல்றது தொரத்தறது."

மேலே, குடை மாதிரி முன்னால் துருத்திய ஒரு பெரும்பாறை. அதன் அடியில் நுழைந்ததும் எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய சம்பவம் என்று புரியும். செம்மண் நிறப் பாறை முழுக்க வெள்ளைக் கோடுகள். கைகோத்து ஆடுகிற ஆட்கள், குதிரை மேல் ஒருவன், கொம்பு விரிந்த மான்கள், நடுவில் யானை. அவர்களுக்குக் கொஞ்சம் தள்ளி, பெயின்டில் ஓர் இதயம், அதன் குறுக்கே அம்பு, இரண்டு பக்கமும் எழுத்துகள். ஆடிக்கொண்டிருந்த ஆட்கள் அதைக் கண்டுகொள்ளாமல் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"தண்ணி கிண்ணி தெளிச்சராதீங்க. தொடவும் வேண்டாம்" என்றார் காவலர். "போட்டோ நல்லாத் தெரியும்னு வாறவியெல்லாம் தெளிச்சுத் தெளிச்சே பாதி போச்சு."

நான் தொடவில்லை, தெளிக்கவில்லை. என் குற்றம் அதைவிட நாகரிகமானது. யானைக்கு நேர் எதிரே ஸ்டாண்டை நிறுத்தினேன். கேமராவை மட்டம் பார்த்து வைத்தேன். நிழல் ஒரு துளிகூட விழக்கூடாது என்று இரண்டு பக்கமும் பிளாஷ் வைத்தேன். படம் வரைய எடுக்கிற போட்டோவில் மேடு பள்ளம், நிழல், எதுவும் இருக்கக்கூடாது என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். அக்கா அதற்குள் ஓரமாக ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டிருந்தாள். காலை வெயில் பக்கவாட்டில் நுழைந்து பாறையைத் தடவிக்கொண்டு போனது.

"அக்கா, கொஞ்சம் நவுருங்க, நெழலு உழுகுது."

நகர்ந்தாள். யானை மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எப்போதும் கையில் அதிர்ந்துகொண்டே இருக்கிற அவளுடைய போன் அன்றைக்கு மடியில் சும்மா கிடந்தது. மலையில் சிக்னல் இல்லை. அவ்வளவு நிதானமான முகத்தை அவளிடம் நான் அதிகம் பார்த்ததில்லை.

"இதான்டா" என்றாள். "மூச்சு உடற மாதிரியே இருக்குது பாரு."

"ஆமாங்க்கா" என்றேன். நான் பார்க்கவில்லை. கேமராவின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும் வழி முழுக்க நான்தான் பேசினேன். யானையைச் சட்டை மேல் எங்கே வைப்பது, லேபிளில் எப்படி, பையில் எப்படி, கடை வாசலில் போர்டு வைத்தால் எப்படி. பல்லடம் வந்தபோது அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். கோழி வண்டி எதிரே வந்தும் சிரிப்பு நிற்கவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஸ்டுடியோவில் உட்கார்ந்து யானையின் கோட்டை அப்படியே படி எடுத்தேன். முதுகு, துதிக்கை, நாலு கால், வால். பிசிறு எதுவும் இல்லாமல் வழித்து எடுத்தேன். நூல் பிடித்த மாதிரி இருந்தது. பெருமையோடு கொண்டுபோய் அக்காவின் மேசையில் வைத்தேன். அக்கா எதைக் கொடுத்தாலும் மேசையில் விரித்து, உள்ளங்கையால் நீவி, சுருக்கம் போக்கிவிட்டுத்தான் பார்ப்பாள். பார்த்தாள்.

"இது அது இல்ல."

"அதேதானுங்க்கா. கோட்டுக்குக் கோடு அதே."

"அது இல்ல."

செக்கிங் செக்‌ஷனில் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். தையலில் ஒரு இழை தப்பினாலும் பிடித்துவிடுகிறவள், வாயும் அப்படித்தான். அக்காவின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்னண்ணே, நாயா?" என்றாள்.

"யானைம்மா."

"யானையா? அதுக்கு யாரும் சோறு போடலியாக்கும்."

அதைக் கேட்டு ரோஷம் வந்து, யானையைக் குண்டாக்கினேன். துதிக்கை முளைத்த கேஸ் சிலிண்டர் மாதிரி வந்தது. கோட்டைத் தடிமனாக்கினேன், மழைக்கோட்டு போட்ட யானை. சுற்றி வட்டம் போட்டேன். ஏதோ கூட்டுறவுச் சங்கத்து முத்திரை. வட்டத்தை எடுத்துவிட்டு யானையை வெள்ளையாகவும் பின்னால் நிறமாகவும் மாற்றினேன். அதைப் பார்த்துவிட்டு அக்கா, "ஏன்டா, இது கோயில் நோம்பிக்குப் போகுதா, நோவு வந்து வெளுத்துப் போச்சா?" என்று கேட்டாள். நிறத்துக்கு வேறு பாடுபட்டேன். பாறையின் போட்டோவைக் கொண்டுபோய்ச் சாயப்பட்டறையில் காட்டி, இந்த நிறத்தில் துணி வேண்டும் என்றால், "இது துருப்புடிச்ச தகரமுங்களா?" என்று கேட்டார்கள். ஆனாலும் நிறம் மட்டும் அச்சு அசலாக வந்தது. செம்மண்ணில் புரட்டி எடுத்த மாதிரி சட்டைகள் வந்து இறங்கியபோது அக்கா அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். அவள் துணியைக் கன்னத்தில் வைத்தால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

யானைதான் பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. "அது உசுரோட இருந்துச்சு. நீ போட்டோ புடிச்சுட்டு வந்திருக்கறே" என்பாள். போட்டோதானே பிடிக்க முடியும், யானையையா பிடித்து வர முடியும் என்று நான் வாயாடுவேன். ஆனால் ஸ்டுடியோவுக்குத் திரும்பும்போது வாயாட ஆள் இல்லாமல் அந்தப் பேச்சே மனதில் ஓடிக்கொண்டிருக்கும். கோடு அதே. அளவு அதே. அப்புறம் எது வராமல் போயிற்று?

ஏஜென்டுக்குப் பதில் சொல்ல வேண்டிய நாள் வந்துவிட்டது. சனிக்கிழமை, சம்பள நாள் என்பதால் கம்பெனியே கொஞ்சம் துள்ளலாக இருந்தது. கொட்டகையில் கடைசி முயற்சியாக யானையை நேரடியாகச் சட்டையில் அடித்துக் காட்டிவிடலாம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். பிரிண்டிங் மேசையில் நிற்பவர் ஒடிசாக்காரர். எங்களூர்த் தமிழை ஒடிசாவின் தாளத்தில் பேசுவார். ஆள் ஈர்க்குச்சி மாதிரி இருப்பார். பலகையில் செம்மண் சட்டையை மாட்டி இழுத்து நீவி, படம் பதிந்த ஸ்கிரீனை இறக்கி, வெள்ளைச் சாயத்தை ஒரு இழுப்பு இழுத்து, ஸ்கிரீனைத் தூக்கினார். யானை ஈரமாக மினுமினுத்தது.

அக்கா பார்த்தாள். செக்கிங் பெண்ணும் வந்து பார்த்தாள். வாய் திறக்க வந்தவள் அக்காவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"செரி, போச்சாது உடு" என்றாள் அக்கா. குரல் ரொம்ப மெதுவாக இருந்தது. "உன்ற மேல தப்பு இல்லடா. நமக்கு அமையல, அவ்வளவுதான்." போனை எடுத்து ஏஜென்டின் நம்பரைத் தேட ஆரம்பித்தாள்.

அக்கா திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தப்பு இல்லை என்று சொன்னதும் எனக்குப் பதறிவிட்டது.

"அக்கா, ஒரே ஒரு நிமிசங்க்கா! கிட்டக்க வந்து பாருங்க, இந்த முதுகு, இந்தத் துதிக்கை, ஒரு நூலு மாறல..." என்று கத்திக்கொண்டே மேசை மேல் எட்டிக் குனிந்து துதிக்கையின் நுனியைக் காட்டப் போனேன்.

இங்கே என் உடம்பைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். நான் கடையில் சட்டை வாங்குவதில்லை. அக்காவின் கம்பெனியில் தையல் தவறி ஒதுக்கியதுதான் என் உடுப்பு. அதில் எப்போதும் எம் சைஸ்தான் எடுப்பேன். கல்யாணத்தின்போது எம் சைஸ். அதை நான் கொள்கையாக வைத்திருக்கிறேன். வயிறு அந்தக் கொள்கையை ஏற்றுக்கொள்ளாமல் வெகுநாளாகிறது. அன்றைக்குப் போட்டிருந்தது பழுப்பு நிறப் பனியன், மத்தளத்தின் மேல் இழுத்துக் கட்டிய தோல் மாதிரி இருந்தது. நான் குனிந்தேன். கை துதிக்கைக்குப் போவதற்கு முன்பே வயிறு யானையின் மேல் போய் உட்கார்ந்துவிட்டது.

"அய்யோ பாய்!" என்றார் ஒடிசாக்காரர்.

நிமிர்ந்தேன். மேசைமேல் யானை கலங்கிப் போயிருந்தது. என் வயிறு முழுக்க வெள்ளை.

"அட கெரகமே! இருந்த ஒண்ணையும் கெடுத்துப் போட்டயா?" என்று அக்கா கையை ஓங்கினாள். ஓங்கின கை அப்படியே நின்றது.

நான் துடைக்கப் போனேன்.

"தொடாத!"

என்னையா யானையையா என்று புரியாமல் நின்றேன்.

"அசையாம நில்லு. வெளிச்சத்துக்கு வா. திரும்பு. இந்தப் பக்கம்டா, பக்கவாட்டுல." கொட்டகையின் வாசல் வெளிச்சம் ஒரு பக்கமாக என் மேல் விழுந்தது. "மூச்ச இழு."

இழுத்தேன்.

"உடு."

விட்டேன். கீழே எட்டிப் பார்த்தேன். என் தொப்பையின் மேடு எங்கே இருந்ததோ அங்கேயே யானையின் வயிறு வந்து நின்றிருந்தது. நான் மூச்சை இழுத்தால் யானை இழுத்தது. நான் விட்டால் அது விட்டது. ஒற்றி எடுத்ததில் கோடு ஆங்காங்கே விட்டுப்போய், காய்ந்த சுண்ணாம்பு மாதிரி, பாறையில் இருந்த மாதிரியே இருந்தது. மெலிந்த நாய் என்று பெயர் வாங்கிய அதே கோடுதான். ஒரு கோடுகூட மாறவில்லை. ஆனால் யானை!

"இதான்டா!" என்று அக்கா போட்ட சத்தத்தில் தையல் ஹாலில் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. "இதேதான்டா! அங்கயும் இப்புடித்தான் வயிறு பொடச்சிட்டு இருந்துச்சு!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மலையில் யானையின் வயிறு இருந்த இடத்தில் பாறையே புடைத்திருந்தது. வரைந்தவர் அந்தப் புடைப்பைப் பார்த்துவிட்டுத்தான் அங்கே யானையை நிறுத்தியிருக்க வேண்டும். கோடு அவருடையது, வயிறு பாறையுடையது. ஓரமாக உட்கார்ந்து பக்கவாட்டு வெயிலில் பார்த்த அக்காவுக்கு அது மூச்சு விட்டது. நேர் எதிரே நின்று இரண்டு பிளாஷ் போட்ட நான், கோட்டை மட்டும் வழித்துக்கொண்டு, வயிற்றை மலையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

அதையாவது பாறை தெரியாதவன் செய்த தப்பு என்று சொல்லலாம். இன்னொன்று இருக்கிறது. எங்கள் ஊரே உலகத்துக்குச் சட்டை தைக்கிறது. ஆனால் சட்டையை மனிதர் மேல் பார்க்கிற வழக்கம் எங்களுக்குக் குறைவு. மேசையில் விரிப்போம், நீவுவோம், டேப் வைத்து அளப்போம், படம் நடுவில் இருக்கிறதா என்று பார்ப்போம், மடித்துக் கவரில் போடுவோம். எங்களைப் பொறுத்தவரை மனுஷனே தட்டையானவன்தான். நானும் அக்காவும் இத்தனை வாரமாக அந்த யானையை மேசையில் நீவி நீவியே பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்கு இருந்த கொஞ்சநஞ்ச வயிற்றையும் அக்காவின் உள்ளங்கை அழுத்தித் தட்டையாக்கியிருக்கிறது. இதை அவளிடம் சொல்லவில்லை. ஓங்கின கை இன்னும் பக்கத்திலேயே இருந்தது.

அப்புறம் நடந்தது திருவிழா. அக்கா சட்டைகளை எடுத்து எடுத்துக் கொடுக்க, ஒடிசாக்காரர் அடிக்க அடிக்க, காயவைத்து ஆளாளுக்கு மாட்டினோம். நெஞ்சில் இல்லை, வயிற்றில். பிரிண்டை அங்கே இறக்கச் சொன்னபோது ஒடிசாக்காரர், "அக்கா, இங்கே யாரும் அடிக்காது. வயிறு இடம்" என்று தயங்கினார்.

"இனிமே நாம அடிக்கறம்" என்றாள் அக்கா.

செக்கிங் பெண் சுடிதாருக்கு மேலேயே ஒன்றை மாட்டிக்கொண்டாள். பூசினாற்போன்ற உடம்பு; யானை கம்பீரமாக நின்றது. குனிந்து அதைத் தடவிப் பார்த்தாள். "அண்ணே, இப்பத்தான் இதுக்கு யாரோ சோறு போட்டிருக்காவ!"

ஈர்க்குச்சி ஒடிசாக்காரர் மாட்டியதும் எல்லாரும் கிட்டே போய்க் குனிந்தோம். இந்த ஒல்லி வயிற்றில் யானை மறுபடி நாயாகிவிடுமோ என்று எனக்குப் பயம். அவர் வயிற்றில் யானை ஒல்லியாக, கால் நீளமாக, துறுதுறுவென்று நின்றது. அவரே குனிந்து பார்த்துவிட்டு, "அக்கா, என் ஹாத்தி சின்னது. பச்சா ஹாத்தி" என்றார்.

"குட்டி யானைடா கண்ணு!" என்று அக்கா கைதட்டினாள். "ஆளுக்கு ஒரு யானை! போடறவிய வயிறு எப்புடியோ அப்புடி யானை!"

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. விளம்பர வாசகம் தேடி நான் எத்தனை நாள் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்! அதை அக்கா கைதட்டிக்கொண்டே சொல்லிவிட்டாள். "ஆளுக்கு ஒரு யானை" என்று ஒரு அட்டையில் எழுதி எல்லாரிடமும் காட்டினேன். என் வயிற்றில் யானை கண்ணாடியில் தெரிகிற மாதிரித் திரும்பியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். பாறையில் அது எதிர்ப்பக்கம் பார்த்து நிற்கும். அக்காவிடம் சொன்னேன்.

"எந்தப் பக்கம் போனா உனக்கென்ன, போகுதல்ல?"

இந்தக் கூத்துக்கு நடுவில் அவள் போன் அடித்தது. ஏஜென்ட். செக்கிங் பெண் தன் யானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லுங்க... ஆமாங்க, சனிக்கெழம சொல்றன்னு சொல்லியிருந்தனுங்க. இல்லீங்க, இந்த சீசன் நம்மளுக்கு ஆகாதுங்க... அய்யோ, ரேட்டுக்கெல்லாம் இல்லீங்க. நம்மளுதே ஒண்ணு போடறமுங்க." மறுமுனை என்னவோ கேட்டது. அக்கா என் வயிற்றைப் பார்த்தாள். "யானைங்க... அட, நெசமாலுமே யானைங்க."

போனை வைத்ததும் அதை அணைத்தே போட்டாள். நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு, "டீ சொல்லுடா எல்லாருக்கும். பன்னும் சேத்துச் சொல்லு" என்று அதட்டினாள். கண்ணைச் சேலைத் தலைப்பால் அழுத்திக்கொண்டு, வெள்ளைச் சாயம் பட்டுவிட்டது என்றாள். அவள் சாயத்தின் பக்கமே போகவில்லை.

அதற்கப்புறம் வேலை பறந்தது. கழுத்து லேபிளில் அக்கா தேர்ந்தெடுத்த பெயர் ஏறியது. பெயரை இங்கே சொன்னால் விளம்பரம் என்பீர்கள். மேசையில் பார்த்து முடிவு செய்வது அடியோடு நின்றது. ஒவ்வொரு சாம்பிளையும் யாராவது மாட்டிக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் பக்கவாட்டாக நின்று மூச்சை இழுத்து விட வேண்டும். சாம்பிள் வாங்க வந்த தாராபுரத்துக் கடைக்காரர், ஆட்கள் வரிசையாக நின்று மூச்சு விடுவதைப் பார்த்து, "ஏனுங்க, இங்க யோகா சொல்லித் தாறீங்களா?" என்று கேட்டார். அவருக்கும் ஒன்று மாட்டிவிட்டோம். நல்ல யானை அவருக்கு. கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தவர், கழற்றவே இல்லை; அதைப் போட்டுக்கொண்டே பஸ் ஏறினார். அவர் தெருமுனை திரும்பும் வரை அக்கா கேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் பழைய பனியனை, அந்த முதல் யானையோடு, அக்கா வாங்கிக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஆபீஸில் மாட்டப் போனாள். நான் விடவில்லை. சட்டத்துக்குள் போட்டால் மறுபடி தட்டையாகிவிடுமே! இப்போது அது என்னிடமே இருக்கிறது. நல்ல நாள் என்றால் போட்டுக்கொள்வேன். எம் சைஸ்தான்.

கடைசியில் கேட்டலாக் எடுக்க வேண்டிய நேரம் வந்தது. போட்டோகிராபர் கோயமுத்தூரிலிருந்து மாடல்களின் படங்களை அனுப்பியிருந்தார். எல்லாருக்கும் வயிறு உள்ளே போய் முதுகைத் தொட்டுக்கொண்டிருந்தது. அக்கா ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தாள். நான் மூச்சை நன்றாக இழுத்து, வெளிச்சத்தில் பக்கவாட்டாகத் திரும்பி, அவள் கண்ணில் படுகிற மாதிரி நின்றேன்.

"ஏனுங்க்கா, இந்த யானையே என்ற வயித்துல பொறந்ததுதான. அப்ப மொதல் போட்டோவுக்கு நான்தான நிக்கோணும்?"

அக்கா தலையை நிமிர்த்தி, என்னை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள்.

"கழுத்துக்குக் கீழ மட்டும்."